மூன்றாவது ஸ்டூல்

கடவுள் துணை
பிப்ரவரி 4

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். உன் இருமல் நின்றதா? வாலு நேரத்துக்குச் சாப்பிடுகிறாளா? இரண்டு பேரைப் பற்றியும் தனித்தனியாக எழுது. "நாங்கள் நலம்" என்று ஒரே வரியில் மூட்டை கட்டாதே.

லீவில் வந்தபோது நீ விட்டுப்போன, ஃபேக்டரி வேலையை அளந்து பங்கிடும் புத்தகத்தைப் படித்து முடித்துவிட்டேன். எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்குப் பாதி எட்டவில்லை. ஆனால் எந்த வேலை முடிந்தால்தான் எந்த வேலையைத் தொடலாம் என்று அம்பு போட்டுக் காட்டும் படங்கள் இருக்கின்றனவே, அவை பளிச்சென்று புரிந்தன. இருபத்திரண்டு வருடமாக அடுப்படியில் நான் செய்வது அதுதானே. காலை வேலைகள் பதினேழையும் என் நோட்டில் நிமிஷம் போட்டு எழுதினேன். நீ சொல்லிக்கொடுத்தபடி ஒவ்வொரு வேலைக்கும், அதற்குப் பின்னால் காத்துக்கிடக்கும் வேலைகளின் நேரத்தையும் சேர்த்துப் பாரம் கணக்கிட்டேன். பாரம் அதிகமானதை முதலில் எடுத்தேன். இருபத்துமூன்று நிமிஷம் மிச்சமாயிற்று. அதை அப்படியே பிரார்த்தனைக்குக் கொடுத்துவிட்டேன்.

"எனக்கு எத்தனை விநாடி ஒதுக்கியிருக்கே? பல் தேய்க்கிற நேரத்துலயாவது கை வைக்காதேம்மா" என்கிறார் அத்தான்.

நீ கொண்டுவந்த டேபிள் ஃபேன் சத்தமில்லாமல் ஓடுகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் வாலுவின் நினைப்பு. அம்மா போன பிறகு நம் கடைக்குட்டியை இடுப்பிலிருந்து இறக்காமல் வளர்த்தேன். உன் ஃபேக்டரியிலேயே அவளுக்கு வேலை வாங்கியபோது நான் கேட்டது ஒன்றுதான்: உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார். அப்படித்தானே போட்டிருக்கிறார்கள்? போன கடிதத்திலும் கேட்டேன். நீ அதற்குப் பதில் எழுதவில்லை.

நேரம் கிடைத்தால் நிஜமான கணக்கு ஒன்று அனுப்பு. போட்டுப் பார்க்க ஆசையாக இருக்கிறது.

உன் அன்பு அக்கா


பிப்ரவரி 15

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். இருமல் போய்விட்டது. வாலு நன்றாகச் சாப்பிடுகிறாள். ஹாஸ்டலில் இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறவள் அவள் ஒருத்திதான். தனித்தனியாக எழுதிவிட்டேன், போதுமா?

புத்தகத்தை முடித்துவிட்டேன் என்று நீ எழுதியதைப் படித்து எனக்குக் கூச்சமாகிவிட்டது. நானே இன்னும் முடிக்கவில்லை. நீ கேட்ட நிஜக் கணக்கு இதோ. டேபிள் ஃபேனைக் கடைசியாகப் பூட்டுகிற லைன். பத்து வேலை. அடைப்புக்குள் இருப்பது, எது முடிந்த பிறகு அதைத் தொடலாம் என்பது.

1. அடித்தட்டில் கம்பம் நிறுத்துவது – 24 விநாடி
2. சுவிட்ச் பொருத்துவது – 16 (1)
3. வயர் இணைப்பது – 20 (2)
4. மோட்டாரைத் தூக்கி வைப்பது – 30 (1)
5. மோட்டார் திருகு முடுக்குவது – 22 (4)
6. பின் கூண்டு – 18 (5)
7. இறக்கை – 12 (6)
8. முன் கூண்டு, கிளிப் ஆறு – 20 (7)
9. ஓட்டிப் பார்ப்பது – 26 (3, 8)
10. பெட்டியில் போடுவது – 28 (9)

இப்போது ஐந்து பேர் செய்கிறார்கள். ஐம்பத்தாறு விநாடிக்கு ஒரு ஃபேன் இறங்க வேண்டும். பெல்ட் அந்தக் கணக்கில்தான் நகர்கிறது. ஆக, ஒருவர் பங்கு ஐம்பத்தாறைத் தாண்டக் கூடாது. மேனேஜர் கேட்பது, "நாலு பேர் போதாதா?"

யார் எவர் என்றெல்லாம் யோசிக்காதே. வெறும் எண்ணாக எடுத்துக்கொள்.

என்னை நிரந்தரமாக்குவதா, அனுப்பிவிடுவதா என்று ஜூன் கடைசியில் முடிவு செய்வார்கள். இந்த லைன்தான் எனக்குப் பரீட்சை. அத்தானுக்கு என் வணக்கம்.

உன் தம்பி


கடவுள் துணை
பிப்ரவரி 21

அன்புத் தம்பிக்கு, அனைவரும் நலம். நீயும் வாலுவும் நலம்தானே?

விடை கிடைத்துவிட்டது! மூன்று நாள் அடுப்படி மேடை முழுக்கக் காகிதம். விநாடிக்கு ஒரு மில்லிமீட்டர் என்று பத்து வேலைக்கும் பத்துத் துண்டு வெட்டினேன். ஐம்பத்தாறு மில்லிமீட்டரில் நாலு கோடு போட்டு, பாரத்தின் வரிசைப்படி ஒட்டிக்கொண்டே வந்தேன்.

முதல் ஆள்: கம்பம், மோட்டார். ஐம்பத்துநாலு.
இரண்டாவது: திருகு, பின் கூண்டு, சுவிட்ச். ஐம்பத்தாறு, இழைத்து வைத்ததுபோல.
மூன்றாவது: இறக்கை, வயர், முன் கூண்டு. ஐம்பத்திரண்டு.
நாலாவது: ஓட்டிப் பார்ப்பது, பெட்டி. ஐம்பத்துநாலு.

மொத்தம் 216. நாலு பேரின் நேரம் 224. எட்டே விநாடிதான் வீண். கடைசித் துண்டு கோட்டுக்குள் போய் உட்கார்ந்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். மூன்றாவது இடத்தில் இருப்பவள் கொடுத்துவைத்தவள். இருப்பதிலேயே லேசான பங்கு அவளுடையது.

"அப்ப அஞ்சாவது ஆள் எங்க போவாங்க?" என்று அத்தான் கேட்டார். "கணக்குக்கு நடுவுல பேசாதீங்க" என்று சொல்லிவிட்டேன்.

வாலு உட்கார்ந்து செய்கிறாளா? இது மூன்றாம் தடவை.

உன் அக்கா


மார்ச் 6

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். உன் விடை சரி. மேனேஜர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். முதல் தேதியிலிருந்து லைன் உன் கணக்குப்படி ஓடுகிறது.

வாலுவுக்கு ஸ்டூல் கொடுத்திருக்கிறார்கள்.

வேலை அதிகம். பிறகு எழுதுகிறேன். உடம்பைப் பார்த்துக்கொள்.

தம்பி


மார்ச் 19

அன்பு அக்காவுக்கு வாலு எழுதறது. நீ கேக்குறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்: சாப்பிட்டேன், தூங்கினேன், தலை வாரினேன். பிரார்த்தனையை மட்டும் எனக்கும் சேத்து நீயே பண்ணிடு.

புது லைன் வந்து மூணு வாரம் ஆகப்போகுது. அஞ்சு ஸ்டூல் இருந்த எடத்துல இப்ப நாலு. நான் மூணாவது. முன்னாடி இறக்கையும் முன் கூண்டும் மட்டும்தான் எனக்கு, இப்ப வயரும் சேந்தாச்சு. ஸ்டூல்ல உக்காந்தா கை ஓட மாட்டேங்குது, அதனால நின்னுக்கிட்டேதான் செய்யறேன். ஸ்டூல் மேல என் டிபன் டப்பா உக்காந்திருக்கு. எட்டு மணி நேரமும் ராணி மாதிரி.

பெட்டி போட்டுக்கிட்டு இருந்தாங்களே, எங்க ரூம்ல இருக்குற பெட்டி அக்கா, அவங்களை குடோனுக்கு மாத்திட்டாங்க. போற அன்னைக்கு அண்ணனைப் பாத்து, "தம்பி, உங்க கணக்குல நான் எந்தப் புள்ளி? கழிச்சதா, மிச்சம் வந்ததா?"ன்னு கேட்டாங்க. அண்ணன் பேனாவைத் தேடற மாதிரி குனிஞ்சுக்கிட்டான்.

ஆனா அண்ணனுக்கு நல்ல பேருக்கா. அதுல எனக்கும் பங்கு இருக்கு தெரியுமா? ஜனவரியில ஸ்டாப்வாட்ச்சோட என் பின்னாடி வந்து நின்னான். "அண்ணன் தங்கச்சிக்குச் சலுகை குடுப்பாரு"ன்னு எல்லாரும் சிரிச்சாங்க. விடுவேனா? நான் மெதுவா செஞ்சா அவன் மானம்ல போகும்! முன் கூண்டை வெச்சு, ஆறு கிளிப்பையும் கட்டைவிரலால டக்கு டக்குன்னு அழுத்தினேன் பாரு, பத்து ஃபேனுக்கு மூச்சே விடலை. இருபது விநாடி! பக்கத்து லைன்லேருந்து எட்டிப் பாத்தாங்க. அப்புறம் தண்ணி குடிக்கப் போனா டம்ளர் கையில நிக்கலை. எனக்கு ஒரே சிரிப்பு.

இப்ப அந்த வேகம்தான் தினமும். பழகிடும்.

எழுத்து கோணலா இருந்தா திட்டாதே. பஸ்ல உக்காந்து எழுதறேன்.

அத்தானுக்கு என் வணக்கம்.

உன் வாலு


கடவுள் துணை
மார்ச் 27

அன்புத் தம்பிக்கு, இங்கே நலம். உன் நலத்தைப் பிறகு கேட்கிறேன்.

வாலு எழுதியிருக்கிறாள். மூன்றாவது இடத்தில் நிற்கிறவள் அவள்தானாம். "கொடுத்துவைத்தவள்" என்று நான் எழுதினேனே, அந்த வரியைப் படித்தபோது உனக்கு என்ன தோன்றியது?

பஸ்ஸில் எழுதுகிறேன் என்கிறாள். பஸ்ஸில் எழுதினால் வரி ஆடும். இதில் வரி கோடு போட்டதுபோல நேராக ஓடுகிறது. எழுத்துதான் நசுங்கிக் கிடக்கிறது. சுழிக்க வேண்டிய இடத்திலெல்லாம் பேனா பாதியில் திரும்பிவிட்டது. அவள் கையெழுத்தை நான் கைபிடித்துப் பழக்கியவள். என்னிடமா?

நம் வீட்டு ஃபேனின் முன் கூண்டைக் கழற்றி மாட்டிப் பார்த்தேன், சில தடவை. சுவர்க்கடிகாரத்தில் விநாடி முள் கிடையாது. ஆனால் என் காலைப் பிரார்த்தனையின் முதல் அடியைச் சொல்லி முடிக்கச் சரியாகப் பத்து விநாடி ஆகும். அத்தானின் கைக்கடிகாரத்தை வைத்துச் சரிபார்த்தேன். மூன்று தடவை சொல்லி முடித்த பிறகும் ஆறாவது கிளிப் பாக்கி நிற்கிறது. நான் பழகாதவள். என் கை சாட்சி ஆகாது, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் உன் புத்தகம் சாட்சி. நாற்பத்தோராம் பக்கம்: அளக்கப்படுகிறவர் வழக்கமான வேகத்தில் செய்ய வேண்டும், அவசரப்பட்டுச் செய்தால், அந்த அவசரத்துக்குத் தகுந்தபடி நேரத்தைக் கூட்டித்தான் எழுத வேண்டும். உன் மானத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்து ஓடினவளுடைய நேரம் அந்த இருபது. அவளுக்குப் பின்னாலேயே நின்றாய். உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

கூட்டினாயா, கூட்டவில்லையா?

அக்கா


ஏப்ரல் 16

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். பதில் தாமதமானதற்கு மன்னித்துக்கொள். இரண்டு ஷிப்டையும் நானே பார்க்க வேண்டியிருக்கிறது.

நீ புத்தகத்தை வைத்துக்கொண்டு பேசுகிறாய். ஃபேக்டரி புத்தகம் அல்ல. வேகத்துக்கு எவ்வளவு கூட்டுவது என்பது அளப்பவரின் அனுபவத்தைப் பொறுத்தது. வாலுவுக்கு இளம் கை. பழகிவிட்டது என்று அவளே சொல்கிறாள். நேற்றுகூடச் சிரித்துக்கொண்டேதான் போனாள். இருப்பதில் லேசான இடம் என்று பார்த்துத்தான் அவளை அங்கே நிறுத்தினேன்.

ஒரு விஷயம். ஆபீஸ் விலாசத்துக்குக் கணக்கு எதுவும் எழுதாதே. இங்கே தபாலைப் பிரித்துத்தான் கொடுக்கிறார்கள். அறை விலாசத்துக்கு எழுது. ஜூன் முடியட்டும், எல்லாம் பேசிக்கொள்ளலாம்.

இருமல் இல்லை.

தம்பி


ஏப்ரல் 20

அன்பு அக்காவுக்கு வாலு எழுதறது. எழுதறது நான் இல்லை, நான் சொல்லச் சொல்ல பெட்டி அக்கா எழுதறாங்க. எனக்கு ஒரே சோம்பேறித்தனம். அவங்க கையெழுத்து முத்து முத்தா இருக்கு, பாத்துக்கோ. நான் நல்லா இருக்கேன், சாப்பிட்டேன், தூங்கினேன். அண்ணன்கிட்ட கோவிச்சுக்காதே. பாவம், இளைச்சுப் போயிட்டான். ஜூன் வந்தா எல்லாம் சரியாயிடும். இவ்வளவுதான். அத்தானுக்கு என் வணக்கம்.

அம்மா, இனிமேல் எழுதுவது என் பேச்சு. நீங்கள் என்னைப் பார்த்ததில்லை, நான்தான் பெட்டி போட்டவள். துணி துவைக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு வாலு வெளியே போயிருக்கிறாள். துவைப்பது பக்கத்து ரூம் பெண். இவள் பக்கத்தில் நின்று கதை சொல்லுவாள்.

வலது கட்டைவிரல் அடியில் வீங்கி நிற்கிறது. சீப்பைப் பிடிக்க முடியாது, தண்ணீர்க் குழாயைத் திருக முடியாது. ஃபேக்டரி டாக்டரம்மா பார்த்தார்கள். நரம்பு புண்ணாகிவிட்டது, ஆறு வாரம் அசைக்கக் கூடாது, இப்படியே அழுத்திக்கொண்டிருந்தால் விரலுக்குப் பிடிமானம் திரும்பாது என்று சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். வெளியே வந்ததும் கிழித்துவிட்டாள். "மூணாவது எடத்துல ஆள் விழுந்துட்டான்னா அண்ணன் கணக்கு தப்புன்னு ஆயிடும்க்கா. ஜூன் வரைக்கும் தள்ளிடறேன்" என்கிறாள். இப்போது உள்ளங்கையால் குத்திக் கிளிப்பை ஏற்றுகிறாள்.

அடுத்த ஷிப்டில் அதே இடத்தில் நின்ற பெண் பத்தாம் நாளே வேலையை விட்டுப் போய்விட்டாள். அவளுக்கு அண்ணன் இல்லை, போய்விட்டாள்.

நான் எழுதியதாகச் சொல்ல வேண்டாம்.


கடவுள் துணை
ஏப்ரல் 24

தம்பிக்கு,

வாலுவின் கைக்கு என்ன ஆயிற்று என்று உனக்குத் தெரிந்திருக்கும். தெரியாது என்றால் அது இன்னும் மோசம்.

நான் உன்னிடம் கேட்பது ஒரே ஒரு எண். ஜனவரியில் அடுத்த ஷிப்டிலும் எட்டாவது வேலையை அளந்திருப்பாய். ஒருத்தியை மட்டும் அளந்துவிட்டு எண்ணை எழுதுகிறவன் அல்ல நீ. சின்ன வயசில் வீட்டுப் பாடத்தையே இரண்டு தடவை கூட்டிப் பார்ப்பாய். அந்தப் பெண்ணுக்கு எத்தனை விநாடி?

எண்ணை மட்டும் எழுது. நலம் விசாரித்து எழுத வேண்டாம்.

அக்கா


மே 3

29.

எண்ணோடு நிறுத்தத்தான் நினைத்தேன், முடியவில்லை. என் நோட்டில் இரண்டும் இருக்கின்றன. அவளுடையது இருபத்தொன்பது, அவசரமில்லாமல், ஒழுங்காக. வாலுவுடையது இருபது. இருபதுக்குப் பக்கத்தில் "மூச்சு வாங்குகிறது" என்று என் கையாலேயே எழுதி வைத்திருக்கிறேன். கூட்டியிருக்க வேண்டும். கூட்டினால் நாலு பேரில் அடங்காது. மேனேஜர் மேஜையில் இருபதை மட்டும் வைத்தேன்.

உனக்குக் கணக்கு அனுப்பினேனே, அப்போதே விடை எனக்குத் தெரியும். நீயும் அதையே சொன்னால் மனசு கொஞ்சம் ஆறும் என்றுதான் அனுப்பினேன். நீ கும்பிட்டேன் என்று எழுதியிருந்தாய். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன்.

இப்போது போய்ச் சொன்னால் என் வேலை போகும். என் சிபாரிசில் வந்தவள் என்று அவளையும் அனுப்பிவிடுவார்கள். எட்டு வாரம்தான் இருக்கிறது. அவளை லீவு போடச் சொன்னேன், மாட்டேன் என்கிறாள். நான் என்ன செய்யட்டும்?


கடவுள் துணை
மே 7

அன்புத் தம்பிக்கு,

எண் கிடைத்தது. எட்டாவது துண்டைப் புதிதாக இருபத்தொன்பது மில்லிமீட்டரில் வெட்டினேன். மூன்றாவது ஆளின் கோட்டில் ஒட்டினால் அறுபத்தொன்று. ஐந்து வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. சரி, வேறு மாதிரி அடுக்கலாம் என்று எல்லாத் துண்டையும் பிய்த்துப் போட்டு இரண்டு நாள் மாற்றி மாற்றி வைத்தேன். அப்புறம்தான் உறைத்தது, நான் முட்டாள். அடுக்கவே வேண்டாம், கூட்டினால் போதும். பத்து வேலையும் சேர்ந்து 225. நாலு பேரின் நேரம் 224.

ஒரு விநாடி, தம்பி. எந்த மேனேஜர் வந்தாலும், எந்தப் புத்தகம் வந்தாலும் அந்த ஒன்றை உள்ளே தள்ள முடியாது. நாலு பேரால் இது ஆகவே ஆகாது. அந்த ஒரு விநாடியும் அதற்கு மேலேயும் இரண்டு மாதமாக அவள் விரலிலிருந்து போய்க்கொண்டிருக்கிறது.

இதில் பாதி என் பாவம். பத்துத் துண்டு வெட்டினேனே, ஒரு துண்டாவது யாருடைய கை என்று கேட்டேனா? அத்தான் கேட்டபோது வாயை மூடச் சொன்னேன். உன்னை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு என்னால் சாமி முன்னால் போய் நிற்க முடியாது.

என்ன செய்யட்டும் என்று கேட்டாய். நான் உன் மேனேஜருக்கு எழுத மாட்டேன். இரண்டு எண்ணும் இருக்கிற உன் நோட்டை எடுத்துப்போய் நீயே அவர் மேஜையில் விரித்து வை. கூடவே 225ஐயும் 224ஐயும் எழுதி வை. வேலை போனால் இங்கே வா. இந்த வீட்டில் உனக்கும் சோறு இருக்கிறது, அவளுக்கும் இருக்கிறது. அவள் விரல் போனால் கொடுப்பதற்கு என்னிடம் விரல் இல்லை.

ஜூன் முடியட்டும் என்று மட்டும் எழுதாதே. எட்டு வாரத்தை அவள் கையில் வைத்து எண்ணாதே.

உன் அன்பு அக்கா


ஜூன் 2

அன்பு அக்காவுக்கு வாலு எழுதறது. இடது கையால எழுதறேன், அதான் எழுத்தெல்லாம் குடிச்சிட்டு வந்த மாதிரி நிக்குது. இந்தத் தடவை பஸ்ஸுன்னு பொய் சொல்லலை.

உன் கடுதாசியைப் படிச்சிட்டு அண்ணன் நாலு நாள் நோட்டைத் திறக்கறதும் மூடறதுமா இருந்தான். அஞ்சாம் நாள் நோட்டை எடுத்துக்கிட்டு மேனேஜர் ரூமுக்குப் போனான். கண்ணாடி ரூம், லைன்லேருந்தே தெரியும். மேனேஜர் கத்தினது கண்ணாடிக்கு இந்தப் பக்கமே கேட்டுச்சு. "நாலு மாசம் கழிச்சு வந்து எண் தப்புங்கிறீங்களா?" "தப்புன்னு தெரிஞ்சேதான் சார் எழுதினேன்"ன்னான் அண்ணன். எனக்குக் கை நின்னு போச்சு. கூண்டு அப்படியே என்னைத் தாண்டிப் போயிருச்சு. அன்னைக்குத்தான் முதல் தடவையா எங்க லைன்ல பெல்ட்டை நிறுத்தினாங்க.

மேனேஜர் வெளிய வந்து, "இந்தப் பொண்ணு செய்யுதே, மத்தவங்களுக்கு என்ன கேடு?"ன்னாரு. அண்ணன் சட்டைக் கையை மடிச்சு விட்டுட்டு என் எடத்துல வந்து நின்னுட்டான். ஸ்டாப்வாட்ச்சை என் கையில குடுத்தான். "நான் செய்யறேன், நீ பிடி. சலுகை குடுக்காதே"ன்னான்.

நான் குடுக்கலைக்கா. முதல் ஃபேன் நாப்பத்தஞ்சு. பத்தாவது முப்பத்தெட்டு. அதுக்குள்ள அவன் கட்டைவிரல் செவந்துருச்சு. மேனேஜர் சிரிச்சாரு, "நீங்க ஆபீசர், உங்க கை பழகாத கை"ன்னாரு. உடனே பெட்டி அக்கா குடோன்லேருந்து வந்து, "நான் ஆபீசர் இல்லைங்க"ன்னு நின்னாங்க. பெட்டிக்கு மாறுறதுக்கு முன்னாடி ஆறு வருஷம் கூண்டு மாட்டினவங்க. முப்பது, இருபத்தொன்பது, இருபத்தொன்பது, இருபத்தெட்டு, இருபத்தொன்பது. வாட்ச்சை மேனேஜரே வாங்கிப் பாத்தாரு. அப்புறம் அண்ணன் ஒரு காகிதத்துல 225, 224ன்னு எழுதி நீட்டினான். அவர் பேனாவை எடுத்து ரெண்டு தடவை தானே கூட்டிப் பாத்தாரு.

இப்ப அஞ்சு ஸ்டூல். பெட்டி அக்கா திரும்பி வந்துட்டாங்க. அண்ணனுக்கு வேலை போகலை, ஆனா நிரந்தரமும் இல்லை. இன்னும் ஒரு வருஷம் பாக்கறோம்னு சொல்லிட்டாங்க, லைன் கணக்கையும் அவன்கிட்டேருந்து வாங்கிட்டாங்க. என் கையில கட்டை வெச்சுக் கட்டியிருக்கு. பிடிமானம் முழுசா வருமா வராதான்னு டாக்டரம்மா இப்ப சொல்ல மாட்டேங்கிறாங்க. ஃபேனை ஓட்டிப் பாக்குற எடம் எனக்கு. சுவிட்ச்சை அமுக்கணும், சுத்துதான்னு பாக்கணும். உக்காந்து செய்யற வேலைதான். டிபன் டப்பாவைக் கீழ எறக்கிட்டேன்.

ஒண்ணு கேக்கணும். உன் போன மூணு கடுதாசியையும் அண்ணன் காட்டினான். அதுல எழுத்து ஏன் நசுங்கியிருக்கு? வரி நேரா இருக்கு, சுழி மட்டும் இல்லை. அத்தானுக்கு எழுதிக் கேட்டேன். அவர் சொல்லிட்டாரு. "சில தடவை"யா மாட்டிப் பாத்தே? காலையில ஃபேனை எடுத்து வெச்சுக்கிட்டு உக்காந்தியாம், சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கலையாம். நோட்டுல அஞ்சு அஞ்சா கோடு போட்டு நானூத்தி எண்பத்திரண்டு. சாப்பாட்டு நேரம் போக ஒரு ஷிப்டுக்கு எத்தனை ஃபேனோ அத்தனை. இதுக்கு என்ன வேண்டுதல்னு கேட்டாராம், நீ அடுத்த கோட்டைப் போட்டியாம். இன்னும் அவர்தான் குழாயைத் திருகித் தர்றாராம்.

நீ கையை அசைக்காதே. நானும் அசைக்கலை. எனக்குப் பதில் மெதுவா வந்தா போதும்.

இந்த ரெண்டு பக்கத்தை எழுதி முடிக்க இடது கையால நாலு நாள் ஆச்சுக்கா. யாரும் கடிகாரம் பிடிக்கலை.

உன் வாலு